அட்டமித் தண்ணீர்

டிசம்பர் 21, ஞாயிறு

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"செங்குட்டுவன் சார் என்னைக் கேட்டிருக்கார்."

"என்ன கேட்டார்?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

வெண்டைக்காயின் காம்புகள் தட்டின் ஓரத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன. அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. திருத்துறைப்பூண்டியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. செங்குட்டுவன் சார் மன்னார்குடிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். ஐம்பத்து நான்கு வயது, இதுவரை திருமணம் ஆகாதவர். பயிற்சி வகுப்பில் அறிமுகம். இவை எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும்.

"நீ வேணாம்னா வேணாம், கோதை. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்."

நான் தத்துவத்தில் முதுகலை படித்தவள். புதுச்சேரியில் இரண்டு வருடம் சுதந்திரம் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சனிக்கிழமை முத்துப்பேட்டையில படகு பேசியிருக்கார். நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறாராம். வந்து ஒரு நாள் கூட இருந்து பாரு. அப்புறம் சொல்லு. உன் பதில்தான் என் பதில்."

வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

டிசம்பர் 22

எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை இங்கே எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

செங்குட்டுவன் சார் வீட்டுக்கு வந்தார். என் கவனிப்புகள், எந்த உள்நோக்கமும் இல்லாமல்:

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டுகிறார். பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார், ஆனால் ஒன்று கூட உடைந்து விழவில்லை. பேசும்போது சுவரில் வரைபடம் மாட்டியிருப்பது போல் கையை நீட்டுகிறார். அந்த இடத்தில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

அவருடையது பெரியார் வழிக் குடும்பம். வீடு குடிபுகுந்தது ஆடி மாதம். குடல்வால் அறுவை சிகிச்சை கரிநாளில். சனிக்கிழமைப் படகுப் பயணத்துக்கும் அட்டமியாகப் பார்த்து, ராகு காலமாகப் பார்த்து, ஒன்பதேகால் மணிக்குப் புறப்பாடு என்று குறித்திருக்கிறார்.

"கெட்ட நேரத்துல கெளம்பி நல்லபடியா திரும்பி வருவோம். அதுதான் பிரச்சாரம்" என்றார். அம்மா சிரித்தாள்.

நல்ல நேரத்தைத் தவிர்ப்பதற்கு அவரும் தினசரி காலண்டரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. நல்ல வாக்கியம், வைத்துக்கொள்ளலாம்.

அம்மா மொத்தம் மூன்று முறை சிரித்தாள். நான் எண்ணவில்லை. தானாகத் தெரிந்தது.

டிசம்பர் 24

நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். பதினோரு பக்கம். மழை.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் அம்மாவின் கைப்பேசி அடித்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். படகுக்காரர். பெயர் தாவூது.

அவர் சொன்னது: "நாளைக்குப் பெரிய ஆத்து வழியா லகூனுக்குப் போறதுன்னா எப்ப வேணா போவலாம். சாரு பூநாரை பாக்கணும்னு சொன்னாரு. அதுக்குக் குறுக்கு வாய்க்கா வழியாத்தான் போவணும். அட்டமி நவமியில அது ஆவாது பாப்பா. தண்ணி ஏறாது. நடுவுல மாட்டிக்குவோம். அமாவாசை, பௌர்ணமின்னா சொல்லுங்க, ராசா மாதிரி போயிட்டு வரலாம். சாருகிட்ட சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன்.

அம்மா குளித்துவிட்டு வந்தாள். தலையில் துண்டு. படகுக்காரர் அழைத்தார் என்றதும், செங்குட்டுவன் சாரிடம் என்னையே பேசச் சொன்னாள். பேசினேன்.

"படகுக்காரர் கூப்பிட்டார் சார். அட்டமி வேணாம்னு சொல்றார்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அவருமா? பாய் வீட்டுலயும் பஞ்சாங்கம் பூந்துடுச்சா? அட்டமியாவது நவமியாவது. நாம போறோம் கோதை."

"சரி சார்."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

டிசம்பர் 27, சனி
(சிறிய குறிப்பேட்டில், படகிலேயே எழுதியது)

9.20. ஜாம்புவானோடை படகுத்துறை. லேசான தூறல். வெயிலும் அடிக்கிறது. அம்மா நீலப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. அவர் கறுப்புச் சட்டை, மழைக்கோட்டு, தோளில் தூரநோக்கி. படகு ஃபைபர். எஞ்சின் வைத்தது. மேலே கூரை கிடையாது. அனுமதிச் சீட்டு வாங்கியாகிவிட்டது.

படகுக்காரரைத் தாவூது காக்கா என்று துறையில் எல்லோரும் அழைக்கிறார்கள். காக்கா என்றால் அண்ணன். கைலி, பழைய கால்பந்துச் சட்டை. வயது ஐம்பதுக்கு மேல். படகில் ஏறுமுன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"சாரு, குறுக்கு வாய்க்காதானா? அட்டமின்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்க தோழர். கேட்டேன். ராகு காலம் முடியிறதுக்குள்ள எடுங்க."

தாவூது காக்கா என்னைப் பார்த்தார். நான் அக்கரையைப் பார்த்தேன். "சொல்லியாச்சுன்னா சரிதான்" என்று எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

9.50. கோரையாறு. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள். அவை மூச்சு விடுகின்றனவாம். சார் சொன்னார். எனக்கு முன்பே தெரியும்.

தூறல் நின்றது. தண்ணீர் பச்சையாக இருந்தது. மேகம் வந்தது. தண்ணீர் ஈயமானது. மறுபடி வெயில். பத்து நிமிடத்துக்குள் மூன்று ஆறுகள்.

அம்மா படகின் முனையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கால் இரண்டையும் நீட்டி. அம்மா எங்கேயும் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் பின்னால், ஒருபக்கமாக. பேருந்தில் ஜன்னல் எனக்கு.

10.25. பெருமழை, நான்கு நிமிடம். ஒரே தார்ப்பாய்க்குள் நான்கு பேர். அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி முட்டை வைத்திருந்த டப்பாவின் மேல் போட்டார்.

"சார், அது ஏற்கெனவே அவிச்ச முட்டை. நனைஞ்சா என்ன?" அம்மா.

"உப்பு, மிளகு பொட்டலம் உள்ள இருக்கு டீச்சர்."

"அப்ப சரி. உப்புக்கு வேணும், நமக்கு வேணாம்."

சிரித்தாள். நான்காவது முறை. எண்ணவில்லை.

11.05. குறுக்கு வாய்க்கால். அலையாத்தி வளர்வதற்காக வெட்டிய வாய்க்கால்களில் ஒன்று. மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல் இருக்குமாம். இதன் மறுமுனையில் சதுப்புத் திட்டு. அங்கே பூநாரைகள். எஞ்சினை நிறுத்தி, நீண்ட மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளுகிறார் தாவூது காக்கா. கிளைகள் தலைமேல். நண்டுகள். சத்தமே இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. சார் தேர்ந்தெடுத்த இடம் என்பதற்காக அழகை மறுக்க முடியாது.

11.20. நின்றுவிட்டது.

முதலில் நாங்கள் யாரும் உணரவில்லை. கரை நகர்வது நின்றிருந்தது. அவ்வளவுதான். தாவூது காக்கா கழியை ஊன்றித் தள்ளினார். கழி உள்ளே போனது, படகு போகவில்லை. பின்னாலும் போகவில்லை.

"முட்டிருச்சு" என்றார்.

அப்போது அம்மா ஒன்று செய்தாள். சட்டென்று திரும்பி சாருடைய முகத்தைப் பார்த்தாள். கோபம் அடுத்து யார் மேல் விழப்போகிறது என்று பார்க்கும் பார்வை. தோள் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

அவர் தூரநோக்கியைக் கழற்றி வைத்தார். "எவ்வளவு நேரம் ஆகும் தோழர்?"

"வெள்ளம் வந்தாத்தான். கடல் தண்ணி ஏறி வர்றத நாங்க வெள்ளம்னுவோம், எறங்குறது வத்தம். இன்னிக்கு வெள்ளம் மூணு, மூணரைக்கு. ஆனா அட்டமி வெள்ளம் சாரு. கெண்டைக்கால் நனையாது. பௌர்ணமிக்கு இதே வாய்க்கால்ல மார் அளவு நிக்கும். அட்டமி நவமிக்குச் சோம்பேறித் தண்ணி, ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது."

ஒரு மீன்கொத்தி குறுக்கே பறந்தது.

"அரை நிலா" என்றார் அவர், மெதுவாக. "சூரியன் ஒரு பக்கம் இழுக்குது, நிலா செங்குத்தா ஒரு பக்கம் இழுக்குது. தாழ் ஓதம். ஒன்பதாம் வகுப்பு." நெற்றியில் கை வைத்தார். "இருபத்தெட்டு வருஷமா போர்டுல படம் போட்டு நடத்திட்டு இருக்கேன்."

12.10. இறங்கித் தள்ள முடியாது. சேறு இடுப்பு வரை வாங்குமாம். வேறு படகை அழைக்கவும் முடியாது. அதுவும் முட்டும். கொஞ்சமாவது தண்ணீர் ஏற வேண்டும்.

"வாடைக்காத்து வலுத்தா நல்லது. கடல்லேருந்து தண்ணியத் தள்ளிக் கொண்டாந்துரும்" என்றார் தாவூது காக்கா.

அதனால் இப்போது நான்கு பேரும் மோசமான வானிலைக்காகக் காத்திருக்கிறோம். வானம் இதுவரை இப்படித் தெளிவாக இருந்ததில்லை.

அம்மா தன் நெற்றியிலிருந்து ஒட்டுப் பொட்டை எடுத்தாள். சேற்றில் ஊன்றியிருந்த கழியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே ஒட்டினாள்.

"கோதை, இது உன் வேலை. பொட்டு முழுகினா சொல்லு."

அப்பா போனபின் அம்மா ஆறு வருடம் பொட்டு வைக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

12.45. சாப்பாடு. அம்மாவின் எலுமிச்சைச் சாதம். அவருடைய முட்டை. தாவூது காக்கா தூக்குச் சட்டியைத் திறந்தார். மீன் ஆணம். குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள்.

"எங்க வூட்டுல வச்சது. ருசி பாருங்க டீச்சரம்மா. ஏன் சொல்றேன்னா, சாயங்காலம் வரைக்கும் இதான்."

சார் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு தாவூது காக்காவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். மாட்டியிருந்த படகு கூடக் கொஞ்சம் ஆடியது.

"தோழர். தப்பு என்னுது. அட்டமின்ன உடனே மூடநம்பிக்கைன்னு முடிவு பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு நாள் பொழைப்பு போச்சு. மன்னிச்சுக்கங்க."

"அட, விடுங்க சாரு."

"இல்ல. ஆனா ஒண்ணு, தண்ணி ஏறாதுன்னு காரணத்தையும் சேத்துச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே. வெறும் அட்டமி வேணாம்னு மட்டும்தானே சொல்லிவிட்டீங்க?"

தாவூது காக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. பிறகு தூக்குச் சட்டியின் மூடியைப் போட்டார்.

"ஆமா சாரு. சொல்லியிருக்கணும். என் தப்பு."

பொட்டு முழுகவில்லை. நான் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.15. தூறல். இல்லை, நின்றுவிட்டது.

1.30. அவரும் அம்மாவும் பறவைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாத எல்லாமே கொக்கு.

"அது உள்ளான் டீச்சர்."

"எனக்குக் கொக்கு."

"இந்தா, அது நீர்க்காகம்."

"கறுப்புக் கொக்கு."

அம்மாவின் தோள் பழையபடி வெளியே வந்திருந்தது. சாதாரணமாக, சொந்தப் படகில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. ஒரு படகு சேற்றில் மாட்டி இரண்டு மணி நேரம் ஆகிறது. இதுவரை யாரும் யாரையும் திட்டவில்லை.

வேதாரண்யம் ரோடு. ஸ்கூட்டர் பஞ்சர். நடுரோட்டில் அப்பாவின் சத்தம். எனக்குப் பத்து வயது. ஆணி அம்மா போட்டதல்ல.

எழுதிவிட்டேன்.

1.50. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தொண்டையைச் செருமினேன். "அந்தப் பறவை என்ன?" என்று கேட்டேன்.

2.05. மீண்டும்.

"சார். தாவூது காக்கா காரணம் சொன்னார். என்கிட்ட சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் தூரநோக்கியை இறக்கினார். அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளியில் அம்மாவின் அறைக்குள் வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பார்வை கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு இதுவே முதல் முறை.

"என்ன சொன்னார்? முழுசா சொல்லு."

"தண்ணி ஏறாதுன்னு."

"முழுசா, கோதை. அவர் சொன்ன மாதிரியே."

எழுந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெரிய ஆற்று வழி என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதில் ஆரம்பித்து, குறுக்கு வாய்க்கால், அட்டமி, நடுவில் மாட்டிக்கொள்வது, ராசா மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல். நன்றாக நினைவிருந்தது. அதுதான் பிரச்சினை.

"ராசா மாதிரின்னா சொன்னேன்?" தாவூது காக்கா.

"ஆமா காக்கா."

"ஏன்டி அதச் சொல்லல?" அம்மா.

தத்துவம் படித்தவளிடம் பதில் இருக்க வேண்டும். "பாதி சொன்னாலே அவர் சிரிச்சுட்டுக் கெளம்பிடுவார்னு தெரியும். நாள் கெட்டுப் போகட்டும்னு இருந்துச்சு." குரல் சின்னதாக வந்தது. "நாளுதான். வேற ஒண்ணுமில்ல."

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்தான் பேசினார். "அதுல ஒரு விஷயம் இருக்கு டீச்சர். பொண்ணு முழுசா சொல்லியிருந்தாலும் அட்டமிங்கிற வார்த்தையோட என் காது சாத்திக்கும். மிச்சம் உள்ள போயிருக்காது. இவ என்னைச் சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கா." என் பக்கம் திரும்பினார். "மூணு நாள்ல எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பிஸ்கட் நனைக்கும்போது சார்."

"அதுல என்ன?"

"உடையவே இல்ல. ரொம்ப நிச்சயமா இருந்தீங்க."

தாவூது காக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவள் முதுகு ஆடியது. முதுகுக்குக் கணக்கு உண்டா என்று தெரியவில்லை.

2.40. வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வருகிறது. நான்கு பேரும் கை தட்டாத குறை.

3.05. காற்று. மழை. தார்ப்பாய் கையில் நிற்கவில்லை. எழுத மு

(மீதியை வீட்டில் எழுதுகிறேன். மாலை 6.30.)

பொட்டு முழுகியபோது மணி மூன்று இருபது. "முழுகிடுச்சு" என்று கத்தினேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

ஒரு சாண் கூட ஏறவில்லை. ஆனாலும் தாவூது காக்கா கைலியை மடித்துக்கட்டி இறங்கினார். முழங்காலுக்கு மேல் சேறு. "கனம் கொறையணும். ரெண்டு பேரு எறங்குங்க. ஒரு ஆளு மேல நின்னு கழியை ஊணணும்."

அவர் மழைக்கோட்டோடு இறங்கினார். அம்மா புடவையைச் செருக ஆரம்பித்தாள். "நான் எறங்குறேம்மா" என்றேன். அந்த நேரத்தில் அம்மாவிடம் நான் பேசியது அது ஒன்றுதான். குதித்தேன். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது.

மூன்று தோள்கள் படகின் ஓரத்தில். மேலே அம்மா, இரண்டு கையாலும் கழியைப் பிடித்து, முகத்தில் மழை வழிய.

"ஒண்ணு, ரெண்டு சொல்லுவேன். ரெண்டுக்குத் தள்ளணும். ஒண்ணுக்கு யாரும் தள்ளக் கூடாது. சார், உங்களைத்தான்."

"நான் தள்ளலையே."

"தள்ளுனீங்க. பாத்தேன். ஒண்ணு. ரெண்டு."

அசையவில்லை. மறுபடி. ஒரு பெருமூச்சு போல அடியில் சத்தம் வந்தது. மறுபடி. ஏழாவதோ எட்டாவதோ இரண்டில் படகு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. தோள் கொடுத்திருந்த நாங்கள் மூவரும் அப்படியே முன்னால் விழுந்தோம். சாரின் முகம் முழுவதும் சேறு. கண்ணாடியின் இரண்டு சில்லும் சேறு. அந்தக் கண்ணாடியோடு நாலாபக்கமும் திரும்பி, "போயிடுச்சா? படகு போயிடுச்சா?" என்று கேட்டார்.

அம்மா கழியை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, பிறகு சத்தமே வராமல். எனக்கு நினைவு தெரிந்து அம்மா இப்படிச் சிரித்ததில்லை. எண்ண முடியாது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று பிரிக்க முடியவில்லை.

படகு யாரும் பிடிக்காமல் அம்மாவை மட்டும் சுமந்துகொண்டு வாய்க்காலில் கொஞ்ச தூரம் போனது. தாவூது காக்காதான் சேற்றை உழப்பிக்கொண்டு போய்ப் பிடித்தார்.

திரும்பும் வழியில் வெயில் வந்தது. பூநாரை ஒன்று கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

அம்மா என்னோடு பேசவில்லை. காபி வைத்தாள். என் டம்ளரில் சர்க்கரை சரியாக இருந்தது. கோபம்தான், ஆனால் முழுக் கோபம் இல்லை.

டிசம்பர் 29

இன்றும்.

மாலையில் சேற்றுப் பாவாடையைத் துவைத்தேன். மூன்று அலசலுக்குப் பிறகும் வாய்க்கால் வருகிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

அம்மா கட்டிலில் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"சாருக்குப் பதில் சொல்லணும். நீ இன்னும் சொல்லல."

"எனக்கு ஆட்சே..."

"அது வேணாம். அது நீ நோட்டுல எழுதுறது மாதிரி இருக்கு." அம்மா என் நோட்டைப் படிப்பதில்லை. படிப்பதில்லை என்றே நினைக்கிறேன். "உனக்கு என்ன பயம்? அதச் சொல்லு."

"நீ முன்னாடி போய் உக்காந்த. படகுல. உன்னைப் பாத்தா எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு."

அம்மா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குந்தான்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு நான் எழுந்து போய்த் தாவூது காக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு.

"காக்கா, குறுக்கு வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணி நிக்கும்?"

"எத்தன பேரு?"

"நாலு. உங்களையும் சேத்து. சாரும் அம்மாவும் மாலை மாத்திக்கணும். பூநாரையும் பாக்கணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "அடுத்த பௌர்ணமி இருக்கு, அதுக்கு நாலே நாளு. அதுக்குள்ள கல்யாணம்னா டீச்சரம்மா என்னை ஒதைப்பாங்க. அதுக்கு அடுத்தது எழுதிக்க. முழுசா எழுதிக்க பாப்பா."

எழுதிக்கொண்டேன். பிறகு சாரை அழைத்தேன். மன்னார்குடியில் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

"சார், படகுக்காரர் சொன்னதை அப்படியே படிக்கிறேன். நடுவுல சிரிக்கக் கூடாது. காதையும் சாத்தக் கூடாது."

"படி."

"பிப்ரவரி ஒண்ணு, ஞாயித்துக்கெழம, பௌர்ணமி. வெள்ளம் காலையில ஒன்பது, ஒன்பதரைக்கு. ஏழரைக்கெல்லாம் துறையில இருக்கணும். பதினொண்ணுக்குள்ள வாய்க்கால விட்டு வெளிய வந்துரணும். நாலு பேருக்கு மேல ஏறக் கூடாது. மாலை கனமா கட்டக் கூடாது. சாரு அன்னிக்கு ஒண்ணுக்கே தள்ளுனாரு, நானும் பாத்தேன். அவ்வளவுதான் சார்."

மழை.

முதலில் அவருக்குப் புரிந்தது மாலை அல்ல.

"கோதை. அன்னிக்குத் தைப்பூசம்."

"தெரியும் சார். காலண்டர் பாத்தேன்."

"சுயமரியாதைக் கல்யாணம். தைப்பூசத்தன்னிக்கு. பௌர்ணமியில. காலங்காத்தால." ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னார். "நாள் பாத்துப் பண்ணுனான்னு எங்க ஆளுங்க என்னை ஓட்டியே கொன்னுடுவாங்க."

"தண்ணிக்காகத்தானே சார்."

"பன்னெண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்குது. அது வரைக்கும் தண்ணி நிக்குமான்னு அவரைக் கேட்டுப் பாரேன்."

"கேட்டுட்டேன் சார். நிக்காதாம்."

அப்போதுதான் மாலை போய்ச் சேர்ந்தது. அவர் குரல் மாறியது. "கோதை, அப்படின்னா நீ..."

"ஆமா சார்."

அம்மா கதவருகே நின்றிருந்தாள். கையில் கரண்டி. அடுப்பில் எதுவும் இல்லை.

ஜனவரி 9

நுழைவுத் தேர்வு எழுதினேன். சுமாராக.

ஜனவரி 18, ஞாயிறு

அவர் வந்தார். பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். கரண்டி கொண்டுவந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

8.40. வாய்க்காலில் மார் அளவு தண்ணீர். கழி ஊன்றும் இடத்தில் சத்தமே இல்லாமல் போகிறது. பனி, பிறகு வெயில், பிறகு மறுபடி பனி. அன்று நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது என்று தாவூது காக்கா காட்டினார். வெறும் தண்ணீர். என் செருப்பு அங்கேதான் எங்கோ இருக்கிறது.

கரையில் ஏதோ கோயில் ஒலிபெருக்கி. அரோகரா தண்ணீர்மேல் தெளிவாக வருகிறது. சார் எதுவும் கேட்காதவர் போல் தூரநோக்கி வழியாகத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூடியைக் கழற்றவில்லை.

9.15. மாலை மாற்றிக்கொண்டார்கள். எழுந்து நின்றால் படகு சாயும் என்பதால் உட்கார்ந்தபடியே. சம்பங்கி, கனமில்லாதது. வாழ்வை இணைந்து நடத்துவோம் என்ற உறுதிமொழியை அவர் வாசித்தார். அம்மா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் நான் வரி வரியாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள்.

முடித்ததும் என்னைக் கேட்டாள். "முழுசா சொன்னியா? ஒண்ணும் விடலியே?"

தாவூது காக்கா கழியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சாரும் பார்த்தார்.

"விடலம்மா" என்றேன். "சரிபாத்துக்கோ" என்று தாளை நீட்டினேன்.

அம்மா தாளை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளால் ஓர் எழுத்துக் கூடப் படிக்க முடியாது. அப்படியே மடித்து, படிக்காமல், இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து, எல்லோரும் சாயாமல் பிடித்துக்கொள்ள, படகின் முனைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. இரண்டு பேருக்கு.

9.35. பூநாரைகள். எண்ணவில்லை.